இரண்டாம் குழந்தை இரண்டாம்பட்சமன்று

(தாய் சேய் நலம் குறித்து மகளிர் சுய உதவிக் குழுவினரின் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

சாலை, குடிநீர், தெருவிளக்கு, வீடு கட்டும் திட்டம் ஆகியவற்றைப் பற்றிப் பேசவேண்டிய அலுவலர் பிள்ளைப்பேற்றைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நம் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றபோதே, வேளாண்மை, கல்வி, சாலை ஆகியவற்றோடு சுகாதாரமும் அதன் அங்கமாயிற்று. ஊருக்குப் போட்ட சாலை எதற்குப் பயன்பட்டது என்று கேட்டால், நெல் மூட்டையை ஏற்றிச் செல்லப் பயன்பட்டது என்பது ஒரு விடை. நள்ளிரவில் வலி எடுத்த ஒரு தாயை உரிய நேரத்தில் மருத்துவமனையிற் சேர்த்து, பின்னர் அவளைக் குழந்தையோடு வீட்டு வாசலில் இறக்கிவிடவும் பயன்பட்டது என்பது அதனினும் சிறந்த விடை. ஆகவே இப்பொருள் என் கடமைக்குப் புறம்பானதன்று.

பிள்ளைப்பேறு பற்றிப் பேசுவோர் பலரும் முதற்பேற்றையே பேசுகிறார்கள். நான் இன்று இரண்டாம் பேற்றைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

வளையல் ஓசை இல்லாத கர்ப்பம்

முதற் கர்ப்பம் நம் கிராமங்களில் ஒரு திருவிழாவைப் போன்றது. ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு நடக்கிறது. ஐந்து வகைச் சோறு, கை நிறைய வளையல், பிறந்த வீட்டுச் சீர் எல்லாம் வருகின்றன. அவள் குனிந்தால் கடிந்துகொள்ள ஆள் உண்டு. குடம் தூக்கினால் பிடுங்கிக்கொள்ள ஆள் உண்டு. அதே பெண் இரண்டாம் முறை கருவுறும்போது நிலைமை மாறிவிடுகிறது. பெரும்பாலான வீடுகளில் வளைகாப்பு இல்லை. பிறந்த வீட்டிற்கு அனுப்பும் வழக்கமும் பல குடும்பங்களில் இல்லை. இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்று அவள் நாற்று நடவுக்கும் களை எடுப்புக்கும் போய்க்கொண்டிருக்கிறாள். கேட்டால், "இதென்ன முதற் பிள்ளையா? அவளுக்குத்தான் பழக்கம் ஆகிவிட்டதே!" என்கிறார்கள்.

பழக்கம் என்ற இந்தச் சொல்லே ஆபத்தின் தொடக்கம். உழவுக்கும் நெசவுக்கும் பழக்கம் உண்டு. பிரசவத்திற்கு அனுபவம் உண்டேயன்றிப் பழக்கம் என்பது கிடையாது. முன்னைய பிரசவம் சுகமாக நடந்தது என்பது அடுத்த பிரசவத்திற்கு எவரும் எழுதிக் கொடுத்த உத்தரவாதம் ஆகாது.

2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. இது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. ஆயினும் 2018–20ஆம் ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 54 தாய்மார்கள் நம் மாநிலத்தில் உயிரிழந்தார்கள். அதே காலத்தில் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் இந்த எண்ணிக்கை 19. மருத்துவமனைக்குச் சென்றால் மட்டும் போதாது. எந்த உடல்நிலையோடு செல்கிறோம், எந்த நேரத்தில் செல்கிறோம் என்பவையும் முக்கியம் என்பதையே இது நமக்கு உணர்த்துகிறது.

முன்னைய பிரசவம் கூறும் செய்தி

இரண்டாம் பேற்றிற்கான ஏற்பாடு முதற் குழந்தை பிறந்த அன்றே தொடங்குகிறது. உயிருள்ள ஒரு குழந்தை பிறந்தபின் அடுத்த கருவுக்கு முயல்வதற்குக் குறைந்தது 24 மாதங்கள் இடைவெளி தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மூத்த குழந்தைக்கு இரண்டு வயது நிறைந்த பின்பே அடுத்ததைப் பற்றி எண்ணினால், இரு குழந்தைகளுக்கும் இடையே ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கிடைக்கும். தாயின் உடலில் குறைந்துபோன இரும்புச்சத்து மீளவும், மூத்த குழந்தை முழுமையாகப் பால் குடித்து நடக்கவும் பேசவும் கற்கவும் இந்தக் காலம் வேண்டும். பால் கொடுக்கும் வரையில் கரு தங்காது என்று நம்பி இருப்போர் பலர். குழந்தைக்கு ஆறு மாதம் முடியாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால்தான் அந்த நம்பிக்கை பொருந்தும். இவற்றுள் ஒன்று மாறினாலும் வேறு தடுப்பு முறை தேவை. அதைக் கிராம சுகாதார செவிலியரிடம் கணவனும் மனைவியும் சேர்ந்து கேட்டறிய வேண்டும்.

கரு உறுதியானவுடன் 12 வாரங்களுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். அப்போது முதற் பிரசவத்தின் மருத்துவக் குறிப்புகளைத் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள். பரணில் கிடக்கும் அந்தப் பழைய காகிதங்களில் பயனுள்ள செய்திகள் பல இருக்கின்றன. சென்ற முறை இரத்த அழுத்தம் உயர்ந்ததா? சர்க்கரை காணப்பட்டதா? பிரசவத்திற்குப் பின் இரத்தப்போக்கு மிகுதியாக இருந்ததா? இவற்றுள் எது முன்பு நேர்ந்திருந்தாலும் அது மறுமுறையும் நேரக்கூடும் என்று மருத்துவர் எச்சரிக்கையாக இருப்பார். முதற் குழந்தை அறுவை முறையில் பிறந்திருந்தால், அடுத்த பிரசவம் அறுவை அரங்கும் இரத்த வசதியும் உள்ள மருத்துவமனையிலேயே நடைபெற வேண்டும். பழைய தழும்பு வலியின்போது விட்டுப்போகும் ஆபத்து உண்டு என்பதே காரணம்.

இரத்த வகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாய் ஆர்.எச். நெகட்டிவ் வகையினராகவும், வயிற்றிலுள்ள குழந்தை ஆர்.எச். பாசிட்டிவ் வகையினதாகவும் இருந்தால், முதற் குழந்தைக்குப் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. ஆனால் அந்தப் பிரசவத்தின்போது குழந்தையின் இரத்தம் சிறிது தாயின் உடலிற் கலக்க, அவளுடைய உடல் அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கிக்கொள்கிறது. அந்த எதிர்ப்பொருள் அடுத்த குழந்தையின் இரத்த அணுக்களை அழிக்க வல்லது. இரண்டாம் குழந்தை இரத்தசோகையோடும் கடும் மஞ்சள் காமாலையோடும் பிறப்பதற்கு இது ஒரு காரணம். முதற் பிரசவம் நடந்த 72 மணி நேரத்திற்குள் ஆன்டி-டி என்னும் ஊசியைப் போட்டுக்கொண்டால் இதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். கருச்சிதைவு நேர்ந்தாலும் மருத்துவரிடம் இதைக் கேட்க வேண்டும். முன்பெல்லாம், "அந்தக் குடும்பத்தில் இரண்டாவது தங்காது" என்று சாபத்தின் மேல் பழி போட்டார்களே, அவற்றுட் சில இந்த இரத்த வகைப் பொருத்தமின்மையால் நேர்ந்தவையாகவே இருந்திருக்கும்.

தமிழகத்தில் கர்ப்பிணிகளுள் ஏறத்தாழ இருவரில் ஒருவருக்கு இரத்தசோகை இருப்பதாக முன்னர்க் குறிப்பிட்ட ஐந்தாவது ஆய்வு கூறுகிறது. இரத்தம் குறைந்த தாய்க்குப் பிரசவத்தின்போது வழக்கமான இரத்தப்போக்கே பேராபத்தாகிவிடும். நான்காம் மாதம் தொடங்கிக் குறைந்தது 180 நாட்கள், நாளொன்றுக்கு ஓர் இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்ள வேண்டும். பிரசவத்திற்குப் பின்பும் 180 நாட்கள் தொடர வேண்டும். அதைத் தேநீரோடும் காப்பியோடும் விழுங்கினால் சத்து உடலிற் சேர்வது குறையும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ துணை செய்யும். மலம் கறுத்துப் போவது கண்டு அஞ்சி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

பொழுது விடியட்டும் என்று இருக்கலாகாது

இரண்டாம் பிரசவத்தில் வலிக்காலம் பொதுவாகக் குறைவு. வலி தீவிரமான பிறகு கருப்பை வாய் முழுதும் திறப்பதற்கு முதற் பிரசவத்தில் 12 மணி நேரம் வரையிலும், அடுத்த பிரசவங்களில் 10 மணி நேரம் வரையிலும் ஆகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வகுத்துக் கூறியது. இவை மேல் வரம்புகளே. பலருக்கு இரண்டாம் குழந்தை இதற்கும் மிக விரைவிலேயே பிறந்துவிடுகிறது.

நான் முன்பு பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். பின்னிரவில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டது. மாமியார் அனுபவசாலி. "மூத்தவனுக்கு ஒரு பகலும் ஓர் இரவும் வலித்தாயே! பொழுது விடியட்டும், பால் கறந்து ஊற்றிவிட்டுப் போவோம்" என்றார். "இல்லை அத்தை, இந்த வலி வேறு மாதிரி இருக்கிறது" என்று மருமகள் இரு முறை சொன்னாள். மூன்றாம் முறை சொல்ல அவளுக்குத் துணிவில்லை. விடியற்காலையில் 108 ஊர்தியை அழைத்தார்கள். குழந்தை ஊர்தியிலேயே பிறந்தது. இரத்தப்போக்கு கடுமையாயிற்று. ஊர்தியிலிருந்த மருத்துவ உதவியாளரின் திறமையாலும், மருத்துவமனையில் உடனே இரத்தம் கிடைத்ததாலும் இரு உயிர்களும் பிழைத்தன. அந்த மாமியார் கெட்டவர் அல்லர். மருமகள் மீது அன்பில்லாதவரும் அல்லர். முதற் பிரசவத்தின் கடிகாரத்தைக் கொண்டு இரண்டாம் பிரசவத்தை அளந்தார்; அவ்வளவே.

ஆகவே தாய்மார்களே, விட்டு விட்டு வரும் வலி ஒழுங்கான இடைவெளியில் வரத் தொடங்கிவிட்டாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் கண்டாலோ, உடனே புறப்பட வேண்டும். எந்த மருத்துவமனை, உடன் வருபவர் யார், மூத்த குழந்தையை யாரிடம் விடுவது, மாட்டுக்குத் தீவனம் வைப்பவர் யார் என்பவற்றை எட்டாம் மாதத்திலேயே முடிவு செய்யுங்கள். இறுதி நேரத்தில் தாயைத் தயங்க வைப்பது பெரும்பாலும் பணமன்று. "என் மூத்த பிள்ளை அழுமே" என்ற கவலைதான்.

பிரசவம் முடிந்தபின் குழந்தை பால் குடிக்கும்போதெல்லாம் அடிவயிற்றில் ஒரு வலி வரும். முதற் பேற்றைவிட இரண்டாம் பேற்றில் இது மிகுதி. விரிந்த கருப்பை சுருங்குவதால் வரும் வலி இது; சில நாட்களில் அடங்கிவிடும். இதற்கு அஞ்சிப் பால் கொடுப்பதை நிறுத்தலாகாது. சுகப்பிரசவமாயினும் 48 மணி நேரமேனும் மருத்துவமனையில் இருப்பது அவசியம். "வீட்டில் ஒன்று தவிக்கிறது" என்று முன்னதாகவே புறப்பட்டுவிடும் தாய்மார்கள் இதை நினைவிற் கொள்ள வேண்டும்.

சவலை என்னும் சொல்

நம் மொழியில் சவலை என்று ஒரு சொல் உண்டு. அடுத்த குழந்தை வந்துவிட்டதால் தாய்ப்பாலும் கவனிப்பும் இன்றி மெலிந்து ஏங்கும் மூத்த குழந்தையைச் சவலைப் பிள்ளை என்பார்கள். 1930களில் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானா நாட்டில், பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், உடல் வீங்கி முடி நிறம் மாறிய குழந்தைகளைக் கண்டார். அந்த நோய்க்கு அவ்வூர்த் தாய்மார் வழங்கிய பெயரையே அவர் 1935இல் மருத்துவ உலகுக்கு அறிவித்தார். குவாஷியோர்கர் என்னும் அச்சொல்லுக்கு, அடுத்த குழந்தை பிறக்கும்போது மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது கருத்து. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்த தாய்மாரும் நம் பாட்டிமாரும் ஒரே உண்மையைக் கண்டு அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். இளைய குழந்தையை வரவேற்கும் வீடு மூத்த குழந்தையைக் கைவிடலாகாது என்பதே அந்த உண்மை.

மூத்த குழந்தைக்கு நாம் செய்யவேண்டியவை எளியவை. அங்கன்வாடிக்கு அனுப்புவதைப் பிரசவத்திற்குச் சில மாதங்கள் முன்பே தொடங்கிவிட வேண்டும். தங்கை பிறந்த வாரத்திலேயே கொண்டுபோய் விட்டால், தன்னை வீட்டை விட்டு விரட்டிவிட்டதாக அக்குழந்தை எண்ணும். பாட்டியோடு படுக்கவும் தந்தையின் கையாற் சோறு உண்ணவும் முன்னதாகவே பழக்க வேண்டும். மாதந்தோறும் எடை பார்ப்பதை நிறுத்தக் கூடாது. 16 முதல் 24 மாதங்களுக்குள் போடவேண்டிய ஊக்கத் தடுப்பூசிகள், தாய் மீண்டும் கருவுற்றிருக்கும் வீடுகளில் எளிதில் மறந்து போகின்றன. சின்னவனுக்கு ஊசி போட வரும் நாளில் பெரியவனின் அட்டையையும் கையோடு கொண்டு வாருங்கள்.

பிறகு அதன் மனம். "தம்பி வந்துவிட்டான், இனி உன்னை யார் கொஞ்சுவார்கள்?" என்று விளையாட்டாகக் கேட்கும் மாமன்மாரும் அண்டை வீட்டாரும் நம்மில் பலர். பெரியவர்களுக்கு அது வேடிக்கை. மூன்று வயதுக் குழந்தைக்கு அது தீர்ப்பு. மறந்துவிட்ட பழக்கமாகிய படுக்கையை நனைத்தல், விரல் சூப்புதல், தூக்கு என்று அடம் பிடித்தல் ஆகியவை மீண்டும் தலைகாட்டினால் அடிக்க வேண்டாம். தனக்குரிய இடம் இன்னும் இருக்கிறதா என்று அக்குழந்தை கேட்கும் முறை அது. சிறிது காலப் பொறுமையே அதற்கு மருந்து.

வாசலில் ஆலத்தி

தாயும் சேயும் வீடு திரும்பும் நாளுக்கு வருவோம். அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாயையும் சேயையும் கட்டணமின்றி வீட்டிற் கொண்டுவந்து விடுவதற்கு, 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் வகை செய்தது. வாசலில் ஆலத்தி சுற்றி உள்ளே அழைப்பது நம் மரபு. அம்மரபில் இரண்டு சிறு மாற்றங்களைச் செய்துகொள்ளுங்கள் என்று வேண்டுகிறேன். முதலாவது, மூத்த குழந்தையையும் தாயின் பக்கத்தில் நிறுத்தி மூவருக்குமாக ஆலத்தி எடுங்கள். இரண்டாவது, வண்டியிலிருந்து இறங்கும்போது கைக்குழந்தையைப் பாட்டியோ தந்தையோ வைத்திருக்கட்டும். சில நாட்களாகத் தாயைக் காணாமல் ஓடிவரும் மூத்த குழந்தையை வாரி அணைக்க அவள் கைகள் வெறுமையாக இருக்க வேண்டும்.

சேனை வைக்கும் வழக்கத்தை, அதாவது சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ நாவில் தொட்டு வைப்பதை, அறவே விட்டுவிட வேண்டும். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் கொடுக்கும் சீம்பாலே குழந்தைக்கு முதல் உணவு. ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றித் தண்ணீரும் வேண்டா. தொப்புளில் எண்ணெயோ விபூதியோ மஞ்சளோ இடலாகாது. பால் குடிக்க மறுத்தல், வேகமாக மூச்சு வாங்குதல், உடல் சுடுதல் அல்லது சில்லிடுதல், வலிப்பு, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பரவுதல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். தாய்க்கும் அவ்வாறே. இரத்தப்போக்கு மிகுதல், காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவை அலட்சியம் செய்யத்தக்கவை அல்ல.

பத்தியம் என்ற பெயரால் தாய்க்குச் சோற்றையும் தண்ணீரையும் குறைப்பது தகாது. பால் கொடுக்கும் தாய்க்குக் கீரை, பருப்பு, முட்டை, மீன் யாவும் வேண்டும். அதைவிட மிகுதியாக வேண்டுவது ஓய்வு. முதற் பேற்றில் நாற்பது நாள் ஓய்வு கிடைத்தவளுக்கு இரண்டாம் பேற்றில் பத்து நாளும் கிடைப்பதில்லை. இங்கேதான் பின்வரிசையில் நிற்கும் ஆடவர் பெருமக்களை நான் அழைக்கிறேன். தண்ணீர் எடுப்பது, மூத்த குழந்தையைக் குளிப்பாட்டுவது, துணி துவைப்பது, இரவில் அழும் குழந்தையைத் தூளியில் ஆட்டுவது ஆகியவற்றால் எந்த ஆணின் மதிப்பும் குறைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இரண்டாவதும் பெண்ணாயின்

பெற்றெடுத்துத் திரும்பும் தாயை, "இதுவும் பெண்ணா?" என்ற கேள்வி வாசலில் எதிர்கொள்ளும் வீடுகள் இன்னும் உள்ளன. குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையிடமிருந்து வரும் உயிரணுவே என்பது விஞ்ஞானம் கண்ட உண்மை. அப்படியிருக்கத் தாயைக் குறை கூறுவது அறமும் அன்று, அறிவும் அன்று. கருவிலேயே பாலினம் அறிவது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்குத் தமிழகத்தில் 943 பெண் குழந்தைகளே இருந்தார்கள் என்பது நாம் சிந்திக்க வேண்டிய கணக்கு.

1992இல் தொடங்கிய பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தில், இரண்டும் பெண் குழந்தைகளாக உள்ள ஏழைக் குடும்பங்களுக்குச் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஒவ்வொரு பெண் பெயரிலும் ரூ.25,000 வைப்பீடு செய்யும் முறை 2011இல் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் அமைந்த மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள தாய்மாருக்கு உதவி 2018இல் ரூ.18,000 ஆக உயர்த்தப்பட்டது. அது இரண்டு பிரசவங்களுக்கும் உரியது என்பதைப் பலர் அறியார். 1927இல் சென்னைச் சட்டசபையில் அமர்ந்து பெண்களுக்காகப் போராடிய அந்த மருத்துவரின் பெயரைத் தாங்கிய உதவியை, "இரண்டாவதுக்குக் கிடைக்காது" என்ற தவறான பேச்சால் எவரும் இழந்துவிடக் கூடாது. இப்போதைய விதிகளைக் கிராம சுகாதார செவிலியரிடமும், ஒன்றிய அலுவலகத்திலுள்ள சமூக நல விரிவாக்க அலுவலரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். பிறப்பை 21 நாட்களுக்குள் கட்டணமின்றிப் பதிவு செய்வதும் முதற் குழந்தைக்குச் செய்தது போலவே செய்யவேண்டிய கடமை.

குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள்

இன்று நம் மாநிலத்தில் ஒரு பெண் பெறும் குழந்தைகள் சராசரியாக இரண்டுக்கும் குறைவு. ஆகவே பெரும்பாலான வீடுகளில் இரண்டாவதாக வருவதே கடைசிக் குழந்தை. அவ்வீட்டில் தொட்டில் கட்டும் வாய்ப்பு மறுபடி வாராது. அதற்குப்பின் கருத்தடை முறை வேண்டுமாயின் கணவனும் மனைவியும் கலந்து முடிவு செய்யட்டும். ஆடவர்க்கான அறுவை முறை பெண்களுக்கானதைவிட எளியது என்பதையும் அறிந்து முடிவு செய்யட்டும்.

நான் வேண்டுவன மூன்று. ஒவ்வொரு குழுவும் தன் தெருவில் இரண்டாம் முறை கருவுற்றிருக்கும் பெண் யார் என்று அறிந்து வைத்திருக்கட்டும். அவளுடைய எட்டாம் மாதத்தில், மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் குழுவில் ஒருவர் ஏற்கட்டும். முதற் கர்ப்பத்திற்கு மட்டும் வளையல் என்ற வழக்கத்தை மாற்றி, இவளுக்கும் ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிப் பூட்டுங்கள். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. "உன்னையும் நாங்கள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறோம்" என்று அந்த வளையல்கள் அவளுக்குச் சொல்லும். அவ்வாறு கவனிக்கப்படும் பெண் வலி கண்டபோது மூன்றாம் முறையும் வாய்திறந்து சொல்லத் தயங்க மாட்டாள்.

இரண்டாம் குழந்தை என்பது வரிசையில் இரண்டாவதேயன்றி மதிப்பில் இரண்டாவதன்று. அதன் தாயும் அவ்வாறே. இதை உங்கள் ஊர்களில் நடைமுறையிற் கொண்டுவருவீர்கள் என்று நம்புகிறேன்.